ரோடு விழுங்கிய படிகள்

தொம்மலூர் பழைய ஊரில், மூன்றாவது கிராஸ் தெருவில், புதுத் தார் ரோடு வேண்டவே வேண்டாம் என்று சொன்ன ஒரே மனுஷி சாந்தகுமாரி. அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவே பேசியது. நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். ஊரெல்லாம் ரோடு கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இவள் வந்த ரோட்டைத் திருப்பி அனுப்புகிறாள் என்றால் வேறு என்ன சொல்வது?

ஆனால் அவள் வீட்டு வாசலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

அவளும் அவள் புருஷன் முனிகிருஷ்ணனும் 1991-ல் கட்டிய வீடு அது. ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். முனிகிருஷ்ணன் லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டில் வெல்டர். வீட்டில் மற்றதை எல்லாம் இழுத்துப் பிடித்துச் செய்தவன், வாசலுக்கு மட்டும் மூன்று படி வைத்தான். ஒவ்வொன்றும் அரையடி உயரம், மேலே சிவப்பு ஆக்சைடு பூச்சு. தெரு சரிவாக இறங்கி, கோடியில் பெரிய ராஜகாலுவேயில் போய் முடிகிறது. மேல் தெரு மழைத்தண்ணீர் முழுக்க இந்த வாசலைத் தாண்டித்தான் அந்தக் கால்வாயில் விழ வேண்டும். "மூணு படி ஏறி தண்ணி உள்ள வரட்டும், பாத்துடலாம்" என்றான்.

தண்ணீர் ஏறவில்லை. ரோடு ஏறியது. 1994-ல் தேர்தல் வந்தது. ஜல்லி கொட்டித் தார் ஊற்றினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், சாந்தகுமாரியும்தான் தட்டினாள். ஒரு படி காணாமல் போயிற்று. 1999-ல் அடுத்த தேர்தல், அடுத்த ரோடு. பழையதைச் சுரண்டி எடுப்பானேன் என்று அதன் தலைமேலேயே புதியதைப் போட்டார்கள். இரண்டாவது படியும் போயிற்று. ரோட்டோரத்து மோரிக்குள், அதாவது சாக்கடைக்குள், மழைத்தண்ணீர் இறங்குவதற்கென்று கல்லில் விட்டிருந்த வாய்களும் தாருக்கு அடியில் போய்விட்டன.

மறு வருஷம் மழையில் தண்ணீர் உள்ளே வந்தது. கெண்டைக்கால் அளவு. தரையோடு வைத்திருந்த மாவு கிரைண்டரின் மோட்டார் கருகிப் போயிற்று. அந்த கிரைண்டர் என்றால் சாந்தகுமாரிக்கு உயிர். இட்லி மாவு ஆட்டி விற்பது அவள் தொழில். ஊர் விட்டு ஊர் வந்து கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பையன்கள், சேலம், கரூர், தஞ்சாவூர் என்று எங்கிருந்தோ வந்தவர்கள், ஆளுக்கொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வரிசையில் நிற்பார்கள். அந்த மாவின் ருசியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கதை நகராது. விட்டுவிடுகிறேன்.

முனிகிருஷ்ணன் அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டான். "வித்துட்டு பொம்மனஹள்ளி போயிடலாம். எங்க அண்ணன் வீட்டாண்ட இடம் இருக்குது. மேடு. தண்ணி பயமே கிடையாது."

"அங்க எவன் வந்து எங்கிட்ட மாவு வாங்குவான்?"

"மனுஷன் இருக்கிற ஊர்தானே அதுவும்!"

சண்டை இரண்டு நாள் நடந்தது. கடைசியில் சாந்தகுமாரி இறங்கி வந்தாள். "இன்னொரு தடவ தண்ணி வாசப்படி தாண்டி உள்ள வந்தா, உங்க வாயால சொல்ல வேணாம், நானே பெட்டி கட்டறேன். அது வரைக்கும் பேச்சே எடுக்கக் கூடாது." அவள் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். அது அவனுக்கும் தெரியும்.

நாலு வருஷம் பெரிய மழை இல்லாமல் பிழைத்தார்கள். இப்படி இருக்கையில் 2004 பிறந்தது. மறுபடி தேர்தல். மறுபடி ரோடு. மிச்சமிருந்தது ஒரே ஒரு படி.

எதிர்வீட்டு கோவிந்தப்பாவுக்கோ கால் தரையில் படவில்லை. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், விவரமான ஆள். வரப்போகும் ரோட்டின் உயரத்தை முன்கூட்டியே விசாரித்து, வீட்டை இடித்துத் தூக்கிக் கட்டிவிட்டார். கேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டர் ஏற ஒரு சாய்தளம் வேறு. "நீயும் தூக்கிக் கட்டம்மா" என்றார். சொல்வது சுலபம்!

பூஜை நாளன்று ரோலருக்குக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைக்கத் தயாராக நின்றார்கள். மஞ்சுநாத் என்று ஒரு இளவயசு இன்ஜினியர், மைசூர்ப் பக்கம், மேற்பார்வைக்கு வந்திருந்தார். சாந்தகுமாரி கன்னடத்தில் நியாயம் கேட்டாள். தமிழில் கேட்பதைவிடக் கன்னடத்தில் அவளுக்குக் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும். பழைய தாரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்றாள்.

"எடுக்கறதுக்கு எஸ்டிமேட்ல இடமில்லம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிகொள்ளி" என்றார் அவர், பாவம், மரியாதையாகத்தான்.

"பத்து வருஷமா படி படியா அட்ஜஸ்ட் பண்ணிட்டுத்தான் சார் இங்க வந்து நிக்கறேன். இனிமே அட்ஜஸ்ட் பண்ண படி இல்ல!"

சொல்லிவிட்டு உள்ளே போனவள், கடப்பாறையோடு வெளியே வந்தாள். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், வாசலை ஒட்டி ரோட்டின் ஓரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டாள். தார் அசையவில்லை. இன்னொன்று. கை அதிர்ந்து கடப்பாறை நழுவியதுதான் மிச்சம். நாலு பேர் சிரித்தார்கள்.

முனிகிருஷ்ணன் அவமானத்தில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். தொழில் தெரிந்தவன் அவன். கருவியைத் தப்பாகப் பிடிப்பதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? விடுவிடுவென்று வந்து கடப்பாறையைப் பிடுங்கினான். "இப்படியா புடிப்பாங்க? கால உடைச்சுக்கப் போற. தள்ளு அந்தாண்ட!" நெம்ப வேண்டிய இடத்தில் நெம்பினான். அடைமாதிரி தார் பெயர்ந்து வந்தது. அதன் கீழே சிவப்பாக ஒரு படி. இன்னும் நெம்பினான், இன்னொரு தார் அடுக்கு, இன்னொரு சிவப்புப் படி. ஓரத்தில் மோரியின் வாயும் தெரிந்தது, தார் அடைத்துக்கொண்டு.

மஞ்சுநாத் குனிந்து உட்கார்ந்தார். பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். ஒரு தடவை அளந்தது நம்ப முடியாமல் இன்னொரு தடவை அளந்தார். "ஓரடி ஏறியிருக்கு" என்றார் மெதுவாக.

அதற்குள் கீழ்வரிசை வீட்டுக்காரர்கள் அவரவர் வாசலை உற்றுப்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்க வீட்டுக்கும் ரெண்டு படி இருந்துதே, எங்கே அது? தொலைந்ததே தெரியாமல் பத்து வருஷமாக அதன்மேல் நடந்திருக்கிறார்கள்!

"எடுக்கற வேலைய நாங்க பாத்துக்கறோம்" என்றாள் சாந்தகுமாரி. "நீங்க ரோலர மட்டும் நாலு நாள் நிறுத்தி வைங்க. நாங்க எடுத்த அளவுக்குக் கீழ ரோடு போடுங்க. அதுக்கும் எஸ்டிமேட்ல இடமில்லையா?"

அவர் சிரித்துவிட்டார். "நிறுத்தறதுக்கு இடமிருக்கும்மா."

"நான் ஒப்பமாட்டேன்" என்று கோவிந்தப்பா கேட்டில் நின்று கத்தினார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ரோடு ஓரடி இறங்கினால் அவருடைய சாய்தளம் அந்தரத்தில் தொங்கும். "என் ஸ்கூட்டர் ஏனு மாடுத்தே, என்ன பண்ணும்? பறந்து வருமா?"

"ஏறலைன்னா நான் தோள்ல வச்சுத் தூக்கியாந்து உள்ள விடறேண்ணா, தினமும் ரெண்டு வேள!"

தெரு முழுக்கச் சிரித்தது, அவரைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பமானது. மாவு வாங்குகிற பையன்களும் வந்தார்கள். அவர்களில் ரகுராம் என்ற சேலத்துப் பையன், கீபோர்டு தவிர வேறெதையும் தட்டியறியாதவன், பத்து மணிக்குள் உள்ளங்கையில் நாலு கொப்புளம் வாங்கிக்கொண்டு அதைப் பதக்கம்போல எல்லாரிடமும் காட்டித் திரிந்தான். சாந்தகுமாரி ஓயாமல் இட்லி ஊற்றினாள். முனிகிருஷ்ணன் மேஸ்திரியாகிவிட்டான், யார் எப்படிக் கடப்பாறை பிடித்தாலும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பெயர்த்த தார்க்கட்டிகள் மலையாகக் குவிந்தன. எங்கே கொண்டு கொட்டுவது? ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ராஜகாலுவேயில் தள்ளிவிடலாம் என்றான் ஒருவன். சாந்தகுமாரி முறைத்த முறைப்பில் அவன் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு தெருவின் மறுகோடிக்குப் போய்விட்டான். அவள் குவியலையும் பார்த்தாள், கோவிந்தப்பா வீட்டு கேட்டையும் பார்த்தாள்.

அடுத்த நாள் அந்தக் கட்டிகளை எல்லாம் உடைத்து, அவர் சாய்தளத்துக்குக் கீழே, மோரி வாயை மறைக்காமல் சரிவாக அடுக்கினார்கள். மஞ்சுநாத் ரோலரை அதன்மேலும் நாலு தடவை ஓட்டச் சொன்னார். எஸ்டிமேட்டில் இல்லைதான், யாரும் கேட்கவில்லை. கோவிந்தப்பா லுங்கியை மடித்துக்கட்டி ஸ்கூட்டரில் உட்கார்ந்தார். முதல் தடவை பாதியில் நின்று பின்னால் வழுக்கியது. இரண்டாவது தடவை முறுக்கிய முறுக்கில் ஏறி, கேட்டைத் தாண்டி, துளசி மாடத்தில் போய் முட்டி நின்றது. தெருவே கை தட்டியது. மனுஷர் இறங்காமலே திரும்பிப் பார்த்து, "பரவாயில்ல, ஏறுது" என்றார்.

புது ரோடு வந்தது. கீழ்ப்படியில் பாதியை எடுத்துக்கொண்டது. இரண்டரைப் படி மிஞ்சியது. அந்த வருஷம் மழை பேருக்குப் பெய்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று முனிகிருஷ்ணனே கேலி செய்தான்.

2005 அக்டோபரில் ஒரு சாயங்காலம் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. மேல் தெருவிலிருந்து செம்மண் தண்ணீர், ஒற்றைச் செருப்பு, தேங்காய் மட்டை, யாருடைய பிளாஸ்டிக் முக்காலியோ, எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு இறங்கியது. சாந்தகுமாரி வாசலில் நின்றாள். அரைப்படி முழுகியது. அடுத்த படி முழுகியது. முனிகிருஷ்ணன் ஷெட்டிலிருந்து தொப்பலாக நனைந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். தானே பெட்டி கட்டுவதாகச் சொன்ன சொல் அவளுக்கு நினைவு வந்தது. இந்த வாசல், இந்தத் தெரு, இந்தப் பையன்கள், எல்லாவற்றையும் விட்டுப் போவதா?

"எஷ்டு படிம்மா, எத்தன மிச்சம்?" என்று எதிரே மாடியிலிருந்து கோவிந்தப்பா கத்தினார்.

அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இன்னும் ஒன்று.

தண்ணீர் அந்தக் கடைசிப் படியின் மேல் விளிம்பைத் தொட்டது. தொட்டு நின்றது. தாரை எடுத்துத் திறந்துவிட்ட பக்கத்து மோரி வாய் களக் களக்கென்று குடித்துக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் மூன்று பேரும் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு படியின் சிவப்பு ஒரு விரல் அகலம் தெரிந்தது. அப்புறம் இரண்டு விரல்.

சாந்தகுமாரி அப்படியே படியில் உட்கார்ந்து, காலை ஓடுகிற தண்ணீரில் விட்டுக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. முனிகிருஷ்ணன் அவள் தோளில் கை வைத்தான்.

"சரி, எழுந்திரு. அரிசி ஊறப் போடு" என்றான். "பொம்மனஹள்ளிக்காரனுக்கு மாவு வேணும்னா பஸ் ஏறி இங்க வரட்டும்."