பூஜை அறை வரை போன கவர்

செம்மண்டலத்தில் எங்கள் நாய் மணியைக் காலையில் நடக்கக் கூட்டிக்கொண்டு போகும்போது, அது தெருவில் கக்கா போனால் அதை நான் கவரில் அள்ளிவிடுவேன். "ஊர்ல எவளாச்சும் இதெல்லாம் அள்றாளா?" என்று என் கணவர் சிரிப்பார்.

ஒருநாள் குப்பை வண்டி வரவில்லை. கறுப்புக் கவரை இறுக முடிந்து ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டினேன். அப்படியே மறந்தும் போனேன். சற்று நேரத்தில் சிதம்பரத்திலுள்ள நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில் பூ வாங்கிய கவரையும் கணவர் அதே கொக்கியில் மாட்டினார்.

இறங்கியதும் இரண்டையும் தன் தங்கை கையில் கொடுத்துவிட்டார். அவள் நேராகப் பூஜை அறைக்குப் போய் ஒன்றை அவிழ்க்கத் தொடங்கினாள். அது நான் போட்ட முடிச்சு! பாய்ந்து பிடுங்கினேன்.

"அப்புடி இன்னா அண்ணி இருக்குது அதுல?"

சொன்னேன். கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"இனிமே அள்ளாத. மானம் போவுது" என்றார் கணவர்.

"அள்ளத்தாங்க போறேன். வண்டில மாட்ட மாட்டேன்."

இப்போது பழைய செய்தித்தாளில் அள்ளி, வீடு வந்ததும் தோட்டத்துக் குழியில் புதைத்துவிடுகிறேன். மணியோடு அவர் கிளம்பினாலும், கையில் தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறேன்.