பிடியின் அளவு

எங்கள் மேனாம்பேடு ஃப்ளாட்டின் பால்கனியில் துணி காயப்போட இடம் கிடையாது. அங்கே என் லேத், அதாவது கடைசல் மெஷின், இருக்கிறது. பட்டறைகள் நிறைந்த அம்பத்தூரில் லேத் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஐ.டி. கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிற பொம்பளை, மேசைமேல் வைக்கிற அளவில் ஒன்றை வாங்கி லீவு நாளில் அலுமினியம் கடைந்தால் மட்டும் எதிர்வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஆரம்பத்தில் படம் எதுவும் போடாமல் கண்ணளவிலேயே கடைந்தேன். வீணாய்ப் போன உலோகத்தில் ஒரு குத்துவிளக்கே செய்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் கணினியில் வரையக் கற்றுக்கொண்டேன். அது வெறும் படம் வரைகிற வேலை இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் வைத்து, ஒன்றை இன்னொன்றோடு கட்டிவிட வேண்டும். பிறகு ஓர் எண்ணை மாற்றினால் போதும், அதை நம்பியிருக்கும் எல்லாம் தானாக மாறிக்கொள்ளும். சொன்ன பேச்சை இப்படி உடனே கேட்கிற எதையும் நான் வீட்டிலும் பார்த்ததில்லை, ஆபீஸிலும் பார்த்ததில்லை. பைத்தியமாகவே ஆகிவிட்டேன்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், பாடி மேம்பாலத்துக்குக் கீழே என் கணவர் பைக்கோடு விழுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. வலது கைதான் மாட்டிக்கொண்டது. கட்டுப் பிரித்த பிறகு பார்த்தால் விரல்கள் பாதிதான் மடங்கின. டம்ளரைப் பிடிக்க முடிந்தது, சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை.

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புக்குப் பல வருடமாக அவர்தான். தலைமையாசிரியை நேராகவே சொல்லிவிட்டார்: ஜூனில் பள்ளி திறக்கும்போது போர்டில் எழுத முடிந்தால் வகுப்பு அவருக்கு, இல்லையென்றால் அந்த வருடம் ஆபீஸில் உட்கார்ந்து டி.சி. எழுதும் பொறுப்பைப் பார்க்கட்டும். ஸ்மார்ட் போர்டு இருக்கிறதே என்று நான் கணவரிடம் கேட்டதற்கு, "அதுல கணக்கக் காட்டலாம், போட முடியாது" என்றார். இடது கையில் பழகிப் பார்த்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தேவலாம். சாக்பீஸில் துணி சுற்றி ரப்பர் பேண்டு போட்டுப் பார்த்தோம், ரெண்டு வரியில் நழுவியது.

அப்போதுதான் எனக்கு வேலை வந்தது. மடங்கின விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சமிருக்கிறதோ, அதே பருமனில் ஓர் அலுமினிய உருளை. அதன் முனையில் சாக்பீஸ் செருகத் துளை. முழுக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு எழுதலாம். வரைபடத்தில் அந்த முக்கியமான அளவுக்குப் 'பிடி' என்றே பெயர் வைத்தேன். உடம்பின் நீளம், நடுவில் வரும் குழிவு, ஓரத்து வளைவு, எல்லாம் பிடியைச் சார்ந்தவை. பயிற்சி செய்யச் செய்ய விரல் மடங்கும், இடைவெளி குறையும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அதனால் அவசரப்பட்டுக் கடையாமல், பள்ளி திறப்பதற்கு முன்னால் கடைசி அளவை வைத்துக் கடையலாம் என்று முடிவு செய்தோம்.

தினமும் சாயங்காலம் ஹாலில் பயிற்சி முடித்துவிட்டு, என் வெர்னியர் அளவுகோலால் அந்த இடைவெளியைத் தானே அளந்து, மில்லிமீட்டர் கணக்கில் குரல் கொடுப்பார்.

"முப்பத்தாறரை!"

நான் எண்ணைத் தட்டுவேன். திரையில் உருளை லேசாக இளைக்கும். மறுநாள் "முப்பத்தாறு!" என்பார். மறுபடி இளைக்கும். இதற்கு நடுவில் என் புத்திசாலித்தனம் ஒன்று: சாக்பீஸ் துளையையும் பிடியோடு கட்டி வைத்திருந்தேன். கை தேறத் தேறத் துளையும் சுருங்கி, சாக்பீஸே நுழையாத நிலைக்கு வந்துகொண்டிருந்தது. ஊரார் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளின் லட்சணம் இது. துளையை அவிழ்த்துத் தனியாக விட்டேன். அவர் ஒரு வாரம் கிண்டல் செய்தார்.

மே கடைசியில் மண்ணூர்பேட்டைக்குப் போய் அலுமினியக் கம்பி வாங்கினேன். கடைக்காரருக்கு என்னைப் பழக்கம். "இன்னா மேடம், ஊட்லயே கம்பெனி வச்சிகினு கீறீங்களா?" என்று சிரித்தபடி அறுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலையில் கடைந்து முடித்தேன். அத்தனை அழகான துண்டை நான் அதுவரை செய்ததில்லை. ட்யூஷனுக்காக ஹாலில் மாட்டியிருந்த கரும்பலகை முன்னால் அவரை நிறுத்திக் கையில் கொடுத்தேன். அவர் விரலை மடக்கினார். துண்டு கைக்குள்ளேயே உருண்டது. பலகையில் வைத்து அழுத்தியதும் வழுக்கித் தரையில் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வீடு தாங்காது. லேத்தைத் திட்டினேன், சாஃப்ட்வேரைத் திட்டினேன், பாவம், சிரித்துக்கொண்டே கம்பி கொடுத்த மனிதரையும் திட்டினேன். துண்டை அளந்தேன். அவர் கடைசியாகச் சொன்ன இருபத்தைந்து, மயிரிழை பிசகவில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு கட்டாகப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக இருந்தன. இவ்வளவு நேரமும் அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். துளை விஷயத்துக்கு ஒரு வாரம் ஓட்டியவர், இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் உறைத்தது. தினமும் அரை மில்லிமீட்டர். ஒரு நாள் கூடுதலாகவும் இல்லை, ஒரு நாள் நின்றும் போகவில்லை. விரல் அப்படியா தேறும்? அது கூட்டுத் தொடர்வரிசை. பத்தாம் வகுப்புப் பாடம்.

"கையக் காட்டுங்க" என்றேன்.

அவர் காட்டவில்லை. தோளில் கிடந்த டவலால் கையை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"தேறுறது எப்ப நின்னுச்சு?"

"ரெண்டாவது வாரத்துலயே."

"அப்புறம் சொன்னதெல்லாம்?"

"ஜூனுக்கு எவ்வளவு வேணும்னு வச்சு, பின்னாலருந்து கணக்குப் போட்டேன்" என்றார். "நீ தட்டுனதும் அது ஸ்க்ரீன்ல சின்னதாகும்ல. அதப் பாக்க நல்லா இருந்துச்சு."

திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் அந்த எண்ணைக் கேட்டு "சூப்பருங்க" என்று கத்தியவள் நான். அதற்கு மேல் அந்த மனிதர் எப்படி உண்மையைச் சொல்லுவார்?

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்தார். வெர்னியரை என்னிடம் கொடுத்து, கையை மேசைமேல் வைத்து, முடிந்த மட்டும் மடக்கினார். நான் அளந்து சொன்னேன். முப்பத்தைந்து. பிடிக்கு நேரே இருந்த எண்ணை அழித்துவிட்டு, இடது கை விரலால் அதை அவரே தட்டினார். திரையில் உருளை பூசணிப் பிஞ்சு மாதிரி பருத்தது.

"இனிமே தினம் கேக்காத" என்றார். "இதான் என் கை."

மறுநாளே லீவு போட்டு, தடித்த கம்பி வாங்கிவந்து கடைந்தேன். பார்க்க லட்சணமாக இல்லை, சப்பாத்திக் கட்டையில் பாதியை வெட்டிக் கொடுத்தது போல் இருந்தது. ஆனால் கையில் நின்றது.

பள்ளி திறந்த அன்று மதிய இடைவேளையில் போன் வந்தது. பின்னால் பிள்ளைகள் சத்தம்.

"டென்த் எனக்குத்தான். ரெண்டு பீரியட் எழுதிட்டேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கை ரொம்ப வலிக்குதும்மா" என்றார்.

விழுந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்ல, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுவதையும் கேட்டேன்.