நுண்பருப்பும் சோற்றுப் பார்சலும்

கணினி படிக்கும் மாணவருக்கான நூலொன்றில் ஓர் அத்தியாயத்தைத் தமிழாக்கச் சொல்லி என்னிடம் தந்திருந்தார்கள். கேர்னல் என்று ஒரு சொல். கணினிக்குள் நடுவில் இருந்து எல்லாவற்றையும் ஆளும் மென்பொருள் அது. நான் அகராதியைத் திறந்தேன்: விதையின் உள்ளீடு, பருப்பு. கவிதை எழுதிப் பழகிய கைக்கு அது போதுமாயிருந்தது. அதன் ஒரு வகை, மைக்ரோகேர்னல், நுண்பருப்பானது. மற்ற வகை, மொனோலிதிக், ஒற்றைக்கல் பருப்பானது. வெள்ளவத்தையில் என் அறை ஜன்னலுக்கு வெளியே ரயிலும் கடலும் மாறி மாறி இரைய, பக்கம் பக்கமாகப் பருப்பு அவித்தேன்.

சரிபார்ப்பவர் கொட்டாஞ்சேனையில் கணினி படிப்பிக்கும் ரீச்சர். இரண்டு பஸ் மாறி, வியர்த்துப் போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். நாலு பக்கம் வாசித்தார். தாளை மூடினார்.

“அண்ணை, உங்கட பருப்பு இஞ்ச வேகாது.”

சொல் மட்டுமல்ல, விஷயமே எனக்கு விளங்கவில்லை என்றார். பின்னேரம் நூல் அச்சகத்துக்குப் போகிறது; அதற்குள் இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெளிவாக எழுதாவிட்டால் அத்தியாயம் வேறொருவருக்கு. தமிழில் சொல்ல முடியாதது ஒன்றுமில்லை என்று ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தவன் நான்.

அவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார். ஒற்றைக்கல் வகையில் கோப்பு, வலையமைப்பு, அச்சுப்பொறியை இயக்கும் நிரல் எல்லாம் கேர்னலுக்குள்ளேயே ஒன்றாகக் கிடக்கும். நுண்வகையில் கேர்னல் மிகச் சிறியது. மற்றவை வெளியே தனித்தனியாக இருந்து, செய்தி அனுப்பி வேலை செய்யும். தலையாட்டினேன். விளங்கவில்லை. பசித்தது.

தெருமுனைக் கடையில் சாப்பாடு வாங்கிவந்தேன். எனக்குப் பார்சல், சோற்றின் மேல் எல்லாக் கறியும். ரீச்சருக்குக் கறி கலந்தால் பிடிக்காது. அவருக்குச் சோறு தனியே, ஒவ்வொரு கறியும் முடிச்சுப் போட்ட தனிப்பையில். அவர் முதல் முடிச்சோடு மல்லுக்கட்டும்போதே நான் மூன்று கவளம் விழுங்கியிருந்தேன். நாலாவது கவளம் மீன் பக்கம் போனது. மீன் பழுது. அதன் குழம்பு அடியால் ஓடி, பருப்பு, கீரை, சோறு எல்லாவற்றிலும் ஊறிவிட்டிருந்தது. நான் சொன்னதும் ரீச்சர் தன் மீன் பையை அவிழ்க்காமலே குப்பைக்கூடைக்குள் போட்டுவிட்டு, பருப்பை ஊற்றிக் குழைத்தார்.

எச்சில் கையோடு பேனையைத் தேடினேன்.

“ரீச்சர், என்ர பார்சல்தான் ஒற்றைக்கல். உங்கட பைகள்தான் நுண்.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப ஏன் அண்ணை ஊரெல்லாம் பார்சல் வாங்குது?”

“முடிச்சு அவிழ்க்கிற நேரம் மிச்சமெல்லோ. மீன் நல்லா இருந்திருந்தா நான் இப்ப சாப்பிட்டு முடிச்சிருப்பன்.”

“எழுதுங்கோ.”

எழுதினேன். ஒற்றைக்கல்லில் செய்தி அனுப்பும் நேரம் மிச்சம், அதனால் வேகம்; நுண்வகையில் ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும், அதனால் பத்திரம். கெட்ட பைக்குப் பதிலாக இன்னொரு பை வாங்கலாம், சாப்பாடு நிற்காது. கெட்ட பார்சலுக்குப் புதுப் பார்சல்தான். ரீச்சர் சிவப்பு மையால் என் பருப்பையெல்லாம் வெட்டிக் கேர்னல் என்று போட்டார். ஒரேயொரு பருப்பை விட்டுவைத்தார். அது பார்சலுக்குள் இருந்த பருப்பு. அத்தியாயம் என் அத்தியாயமாகவே அச்சகத்துக்குப் போனது.

பிறகு மிச்சச் சோற்றையும் கத்தரிக்காய்ப் பையையும் என் பக்கம் தள்ளினார்.

“முடிச்சை நீங்களே அவிழுங்கோ.”

நேரமெடுத்தது. ருசித்தது.