தை மாதத்தில் தாழ்த்திய கார்

என் சமையலறை இழுப்பறையில், தேங்காய்த் துருவிக்குப் பக்கத்தில், ஒரு கொக்கி ஸ்பனர் கிடக்கிறது. வளைந்த வாயும் அதன் நுனியில் ஒரு பல்லும் உள்ள அந்த இரும்புக்கு என் வீட்டில் ஒரு வேலையும் இல்லை. எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் முதல் பனி கொட்டும் நாளில் அதை எடுத்துத் துடைத்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவித் திரும்ப வைக்கிறேன். அது என் அக்காவின் கணவருடையது.

அத்தானிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் திரிம்பாக்கிலிருந்து மலைக் கணவாயைத் தாண்டித் தொழிற்சாலைக்குத் தினமும் அதில்தான் போவார். அந்தப் பக்கத்து முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை என்பதால் பக்கத்து இருக்கை என்னுடையது. அவருக்கு மூத்த தாரம் கார்தான், அக்கா இரண்டாந்தாரம் என்று நான் கேலி செய்வேன். கோடையில் அந்தக் கார் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வளைவுகளில் சாயாது, ஆனால் ரோட்டில் ஒரு தீப்பெட்டி கிடந்தாலும் என் இடுப்புக்குத் தெரியும். இலை உதிர்ந்ததும் அத்தான் நிலக்கீழ் கராஜில் சில்லுகளைக் கழற்றி, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை இந்த ஸ்பனரால் கொளுவித் திருகிக் காரை உயர்த்துவார். பிறகு குலுக்கலை அடக்கும் டாம்பரின் குமிழைத் திருப்பி இளக்கிவிடுவார். இறுக்கமான கார் உறைந்த ரோட்டில் தத்தும், சில்லு தரையைப் பிடிக்காது என்பார். பதிந்த கார் இன்னும் மோசம். ரோட்டில் குவிந்த பனியில் வயிறு ஏறிவிட்டால் சில்லுகள் சும்மாதான் சுற்றும். 'மாரியிலை வடிவு பாக்கக்கூடாது மச்சாள். வயிறு தட்டாமல் வீட்டை வந்து சேந்தால் காணும்' என்பது அவர் வாய்ப்பாடு.

தம்பியின் கல்யாணத்துக்குத் தையில் முகூர்த்தம் வைத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சாத்திரியாருக்குத் தை நல்ல மாதம். இங்கே அது ரோட்டெல்லாம் கண்ணாடியாகக் கிடக்கும் மாதம் என்று அவருக்கு யார் சொல்வது? மாப்பிள்ளைக் கார் அத்தானுடையது என்று முதலே முடிவாகியிருந்தது. குளிர்கால உயரத்தில் அது வாசலில் நின்றதைக் கண்டதும் அக்கா பதறிவிட்டாள். 'ஐயோ, வீடியோவிலை ட்ராக்டர் மாதிரி நிக்கும். ஒருக்காப் பதிச்சு விடுங்கோவன்.' அத்தான் வானத்தைப் பார்த்தார். வானம் பாவி, அன்று பளிச்சென்று இருந்தது. அவர் கராஜுக்கு இறங்கிப் போய்க் காரைத் தாழ்த்தினார். தாழ்ந்த காரில் சில்லு மேலே உரசாமலிருக்க டாம்பரையும் இறுக்கினார்.

ஆரா நகரில் கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. கார் வீடியோவில் வெகு அழகாக விழுந்தது. திரும்பி வந்த கையோடு அத்தான் ஸ்பனரை எடுக்க, அக்கா மறித்தாள். 'நாலாஞ்சடங்கு முடியுமட்டும் அப்பிடியே கிடக்கட்டும். பொம்பிளையும் மாப்பிளையும் அதே காரிலைதானே வரவேணும்.' கல்யாணத்தின் நாலாம் நாள் சடங்கு என்றதும் எங்கள் வீட்டில் யார் வாய் திறப்பார்கள்? நான் மட்டும் படியில் அவரை நிறுத்தினேன். 'அத்தான், பனி வருதெண்டு சொல்லுறாங்கள். இப்ப ஏத்திப்போட்டு, சடங்கண்டைக்குத் திரும்பப் பதியுங்கோ.' அவர் சிரித்தார். 'உன்ரை அக்காவுக்கு ஆர் சொல்லுறது?'

மறுநாள் விடிந்தபோது எல்லாம் வெள்ளை. நான் சடங்குப் பலகாரம் சுட லீவு எடுத்திருந்தேன். அத்தான் தனியாகப் புறப்பட்டார். அக்கா வீட்டு யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் சரிவில் இறங்கிப் போன பிறகு, இரண்டு சில்லுத் தடங்களுக்கும் நடுவே அகலமாக மூன்றாவது தடம் ஒன்று கிடந்தது. காரின் வயிறு பனியை மழித்துக்கொண்டு போயிருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டவும் பயமாக இருந்தது. பனி அந்தத் தடத்தை மெல்ல மெல்ல மூடியது. முதலில் ஓரங்கள், பிறகு நடு. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மாவு பிசைந்தாள்.

மத்தியானத்துக்கு முன்பே பொலிஸ் வந்து மணி அடித்தது. கணவாய் வளைவில் குவிந்திருந்த பனியில் கார் ஏறி, பிடியில்லாமல் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்திருந்தது. அத்தான் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். நாலாஞ்சடங்குக்குச் சுட்ட பலகாரத்தை யாரும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் தந்த அவருடைய ஜாக்கெட்டின் பைக்குள் கைவிட்ட அக்கா இந்த ஸ்பனரை எடுத்தாள். 'இதை ஏன் வேலைக்குக் கொண்டு போனவர்?' எனக்கு உடனே விளங்கியது. 'அங்கை என்னத்துக்கோ தேவைப்பட்டிருக்கும்' என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. நான் அதை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

போன கிழமை இந்த வருடத்தின் முதல் பனி. அக்கா வந்திருந்தாள். சம்பல் அரைக்கத் துருவியைத் தேடி இழுப்பறையைத் திறந்தவள், ஸ்பனரைக் கையில் எடுத்தாள். நான் அடுப்பைக் குறைத்தேன்.

'மத்தியானம் வேலையிடத்திலை வைச்சுக் காரை ஏத்துவம் எண்டுதான் கொண்டு போனவர், என்ன?'

'ஓம் அக்கா.'

'எனக்குப் பயந்து சொல்லாமல் போனவர்.'

அவள் அதை முந்தானையால் துடைத்தாள். பல்லின் இடுக்கைக்கூட விடவில்லை. பிறகு, 'எண்ணெய் எங்கை வைச்சிருக்கிறாய்?' என்று கேட்டாள். இந்த வருடம் அவளேதான் தடவினாள்.