அப்பா வெள்ளை வீசவில்லை

அப்பா எங்களைவிட்டுப் போய் இந்த ஆடியோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்குப் படம் தேடிக் கொடுத்த தம்பி, “கண்மாய்ச் சங்கதிய எழுதாதக்கா, வாரவுக மனசு நோகும்” என்றான். நோகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் கட்டிங் மிஷினில் நின்றவர். கம்பெனி வேனுக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. பொய் சொல்ல வராது. அந்தக் குணத்தால் அப்பாவுக்கு நல்லது ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் கண்மாயின் மீன் குத்தகைக்குப் போய்விடும். தூண்டில் போட்டாலே காவல்காரர் பிடுங்கிக்கொள்வார். தண்ணீர் வற்றும் பங்குனியில் ஒரே ஒரு நாள், குத்தகைக்காரர் பிடித்ததுபோக மிச்சத்தை யாரும் கேள்வியில்லாமல் பிடிக்கலாம். கரையில் அய்யனாரைக் கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதன்பிறகுதான் சனம் இறங்க வேண்டும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நாளில், கரையில் நின்ற அப்பா தோள் துண்டை எடுத்து உதறினார். பக்கத்து ஊர்க்காரர்கள் அதையே உத்தரவு என்று நினைத்து மொத்தமாகக் கண்மாய்க்குள் பாய்ந்துவிட்டார்கள். பெரியவர் கையில் கற்பூரத் தட்டோடு நின்றார்.

“ஒன்னைய யாருப்பா வெள்ளை வீசச் சொன்னா?”

“வீசலைங்க. துண்டுல எறும்பு ஏறியிருந்துச்சு, ஒதறுனேன். அம்புட்டுத்தேன்.”

“சரி, சந்நிதியில விழுந்து தப்புன்னு சொல்லிட்டுப் போ.”

“தப்புப் பண்ணாம எதுக்குங்க விழணும்?”

விழும்வரை மீன்பிடி நாளில் அப்பா கண்மாயில் கால் வைக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது. மறுவருடம் மழை பொய்த்தது. அந்தப் பழியும் அப்பா தலையில்தான் விழுந்தது. தண்ணீர் நின்ற ஒவ்வொரு பங்குனியிலும் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கரையில் நின்று பார்த்துவிட்டு வருவார். யாராவது மீன் கொடுத்தால் வாங்க மாட்டார். ஊரே குழம்பு வைக்கும் நாளில் எங்கள் வீட்டில் ரசம். அதைப் பரிமாறிய அம்மாவின் முகத்தை நான் மறக்கவில்லை.

அப்பாவின் கடைசிப் பங்குனிக்கு முன்பே அவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரம் இருமுறை விருதுநகருக்குப் போய் ரத்தம் சுத்திகரித்து வந்தார். சிவகாசியிலிருந்து பார்க்கப் போயிருந்தேன். மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் பழைய ஊத்தாக் கூடையை மடியில் வைத்து, கம்பி கொண்டு கட்டிக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பெரியவரிடம் போய், “அப்பாவுக்குப் பதிலா நான் விழுறேங்க” என்றேன்.

“யாரு விழுந்தா என்ன, ஊருக்கு மரியாத வேணும்” என்றார்.

நாலு பேர் பார்க்க விழுந்தேன். அப்பா செய்தது தப்பு என்று வாயால் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து, “பெரியவரே ஒங்கள வரச் சொல்லிட்டாகப்பா” என்றேன்.

“வேற ஒன்னும் கேக்கலையா?”

“இல்லப்பா.”

நம்பினார். மீன்பிடி நாளன்று இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூன்றாம் முறை கவிழ்த்தபோதே ஒரு விரால் சிக்கியது. அப்பா சிரித்தார். அப்போது பெரியவர் கரையிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி, “மக வந்து விழுந்து கேட்டுச்சு, அதான் விட்டோம்” என்றார்.

அப்பா ஊத்தாவைத் தூக்கி விராலைப் போகவிட்டார். கரையேறி என்னிடம் வந்து, “இத்தன வருசம் நின்னத ஒரு நாள்ல வித்துட்டியே, தாயி” என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். பிறகு நான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார், மாத்திரையை வாங்கிக்கொண்டார், பேசவில்லை.

நேரம் பார்க்காமல் விருதுநகருக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனித் தோழர்களுக்கும், கடைசிவரை அப்பாவை மரியாதையோடு நடத்திய நர்சம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியவர் மாலையோடு வந்தார். அவருக்கும் நன்றி எழுதச் சொன்னான் தம்பி. வந்தார் என்று எழுதிவிட்டேன், அது போதும்.

அப்பா, நீங்களே முதலில் பேச வேண்டும் என்று நானும் உங்கள் மகளாகவே வீம்பு பிடித்தேன். ஊர்க்காரர்கள் முன்னால் விழுவதற்கு எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. உங்கள் காலில் விழ நான்கு மாதம் இருந்தது. நான் விழவில்லை.