மூன்று வீடும் மூன்று அருவியும்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் பேப்பரும் கையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்லூரியில் கணக்குப் படிக்கிறவள். புதிர்ப் பக்கத்தில் மேலே மூன்று வீடு, கீழே மூன்று கிணறு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று கிணற்றுக்கும் வழி போட வேண்டும். எந்த வழியும் இன்னொன்றைக் குறுக்கே வெட்டக் கூடாது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள், "இது முடியாது தாத்தா. தாள்ல வரையவே முடியாதுன்னு எங்களுக்குப் பாடமே இருக்கு" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். எனக்கு அது தெரிய ஒரு சாரல் பருவம் முழுக்கப் பிடித்தது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

அவள் போன பிறகு மூக்கில் ஈரத் துணி வாடை வந்து ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியும் நல்லெண்ணெயும் கலந்த வாடை. இந்த ஊர் வெயிலில் ஈரத் துணிக்கு எங்கே போக? அது குற்றாலத்தில் மாமா வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் வாடை.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. தென்காசியில் பெயரெடுத்த வக்கீல். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம் அது. நான் அங்கே கோர்ட்டில் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். எழுதுவது புரிய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்காத வேலை, அதனால் எனக்கு நன்றாகவே ஒத்துப்போயிற்று. சாரல் தொடங்கிவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் மாமா குடும்பம் ஜட்கா வண்டியில் குற்றாலம் போகும். ஜட்காவில் மாமாவின் பூட்ஸுக்கு இடம் இருக்கும், எனக்கு இருக்காது. குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன்.

மாமாவுக்குப் புதிர்ப் பைத்தியம். இங்கிலீஷ் பத்திரிகைகளில் வருவதையெல்லாம் வெட்டி வைத்திருப்பார். ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு வருவோம். குற்றாலத்துப் பசி உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, கல்லைப் போட்டாலும் செரிக்கும். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவியலும் கூடத்தில் மணக்கும். இலை போடுவதற்கு முன் மாமா ஒரு புதிர் போடுவார். விடை சொன்னவர்களுக்கு முதல் பந்தி, சொல்லாதவர்கள் காத்திருக்க வேண்டும். புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோகும் கதை எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததை அவர் கேட்டதே இல்லை. என் முறை வரும்போது அவியல் பாத்திரத்தில் அகப்பைச் சத்தம்தான் மிஞ்சியிருக்கும். மாமாவும் அவருடைய வக்கீல் சிநேகிதர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு நான் வழித்துச் சாப்பிடுவதை வேடிக்கை பார்ப்பார்கள்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டது கோமதிக்காக. மாமாவின் ஒரே மகள், எனக்கு முறைப்பெண். அவள் பிறந்த அன்றே என் அம்மா எங்கள் ஊர் இலத்தூர் முழுக்க எனக்குத்தான் என்று சொல்லிவைத்துவிட்டாள். அப்பா இல்லாத வீடு. தம்பி கைவிடமாட்டான் என்பது ஒன்றுதான் அவளுக்குப் பிடிமானம். அந்த வருஷம் ஆனி கடைசியில் குற்றாலத்துக்கே வந்து, சிநேகிதர்கள் இருக்கும்போதே பெண் கேட்டாள். மாமா மறுக்கவில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று வீடு போட்டார். எதிரே பேரருவி, ஐந்தருவி, செண்பகாதேவி என்று எழுதினார்.

"இந்த மூணு வீட்டுக்காரனுக்கும் ஆகாது மாப்ளே. ஒருத்தன ஒருத்தன் பாத்தா வெட்டுக்குத்துதான். ஆனா மூணு பேருக்கும் மூணு அருவியிலயும் குளிக்கணும். ஒருத்தன் போற வழி இன்னொருத்தன் வழிக்குக் குறுக்க வரப்படாது. சாரல் முடியதுக்குள்ள வழி போட்டுக் கொண்டாந்துட்டேன்னா, கோமதிய ஒனக்குத்தான் தாரேன்."

சிநேகிதர்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசையும் நிலத்தையும் பார்க்காமல் புத்தியைப் பார்க்கிறானே என்று ஊர் போகும் வரை சொல்லிக்கொண்டே போனாளாம்.

எட்டு வழி சுலபமாகப் போய்விடும். ஒன்பதாவது நின்றுவிடும். நீங்களும் போட்டுப் பாருங்கள், வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று தெரியும். கோர்ட்டுத் தாளின் பின்பக்கம் போட்டேன், இலையில் துவையலால் போட்டேன். ஒரு நாள் நிஜமாகவே சாரலில் நனைந்துகொண்டு ஐந்தருவிக்கும் பேரருவிக்கும் நடந்து பார்த்தேன், தாளில் தெரியாத வழி தரையிலாவது தெரியாதா என்று. கோமதி வாரம் தவறாமல் எனக்குப் பென்சில் சீவிக் கொடுப்பாள். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்து, "இன்னும் ஒண்ணுதானே அத்தான்" என்பாள். அந்தக் குரலை நினைத்துக்கொண்டே வாரம் முழுக்க மற்றவர்களுடைய வழக்குகளை நகல் எழுதுவேன்.

ஒரு வாரம் ஒன்பதாவதையும் போட்டுவிட்டேன். நடு வீட்டின் வாசலில் நுழைந்து புறவாசல் வழியாக வெளியே வந்தது என் வழி. மாமா தாளைச் சிநேகிதர்களிடம் நீட்டினார். "அடுத்தவன் வீட்டுக்குள்ள பூந்து வாரதுதான் வழியாம்வே. நம்ம மாப்ள சொல்லுதான்" என்றார். கதவுக்குப் பின்னால் அத்தை சிரித்தாள். கோமதியும் சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஆடி கடைசி ஞாயிறு நான் போனபோது கூடத்தில் தாம்பாளம் நிறைய மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளை வாசுதேவநல்லூர், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். மாமா என் கையில் ஒன்றைக் கொடுத்து அக்காவிடம் சேர்த்துவிடச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் சாரல் முடியலையே மாமா" என்றேன். அன்றைக்கு எழுந்த சிரிப்பில் சமையல்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

புறவாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த கோமதிதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். முகத்தில் வெறுப்பில்லை, வருத்தமும் இல்லை.

"அதுக்கு விடையே கெடையாது அத்தான். எங்க எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஆனி பொறந்ததுமே நிச்சயம் ஆயாச்சு. மழையில வெளிய போக முடியாது, ஞாயித்துக்கிழமை பொழுது போகாண்டாமா?"

அன்றைக்கு என்னிடம் புதிர் எதுவும் கேட்காமல் முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவியல் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். மனசில் மற்ற எல்லாம் ஆறிவிட்டது, நான் சாப்பிட்டது மட்டும் இன்னும் ஆறவில்லை. அம்மா பத்திரிகையை வாங்கி மாடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு தம்பி வீட்டு வாசலை அவள் மிதிக்கவே இல்லை.

சண்டைக் காலத்தில் மாமாவின் நிலைமை தலைகீழாயிற்று. அத்தை காலமாகிவிட்டாள். கோமதி புருஷனோடு எங்கெங்கோ மாற்றலாகிப் போய்க்கொண்டிருந்தாள். மாமாவுக்குப் பாரிசவாயு வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தென்காசி வீட்டை விட்டுவிட்டு, குற்றாலத்து வீட்டிலேயே சமையல்காரர் துணையோடு படுத்துக் கிடந்தார். நான் ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் என்னைத் தங்கம் என்றார்கள்.

அவருக்கு நினைவு பாதி போயிருந்தது. அந்தப் புதிர் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது, அதற்கு விடை கிடையாது என்பது போய்விட்டது. இடது கை விரலால் போர்வையில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்.

"ஒரு வழி மட்டும் நிக்கிது மாப்ளே. ஒனக்குக் கெடச்சுதா?"

"கெடச்சாச்சு மாமா."

"எங்க, காட்டுலே."

"சாரல் முடியட்டும் மாமா, காட்டுதேன்" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார், ஒவ்வொரு ஞாயிறும் அதையே சொன்னேன். அவர் கட்டிலுக்கு எதிரே இலை போடச் சொல்லிச் சாப்பிடுவேன். அவருக்குக் கஞ்சி பிறகு வரும். ஒரு தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் அதற்கு விடையே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாரல் முடிவதற்குள் அவர் போய்விட்டார். எனக்கு நன்றாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

காரியத்துக்கு வந்த கோமதியிடம் சமையல்காரர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தாள்.

"நாங்க சிரிச்சோம், சரி. அவுகளுக்குத்தான் ஒண்ணுமே ஞாபகம் இல்லையே அத்தான். ஒரு கோட்ட இழுத்து, இதுதான் விடைன்னு காட்டப்படாதா?"

அவளாவது ஒரு வார்த்தை கேட்பாள் என்று நின்றுகொண்டிருந்தேன். மன்னிச்சிருங்க என்று கூட வேண்டாம், தப்புதான் அத்தான் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். கூடம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. மாமாவின் சிநேகிதர்கள் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார்கள், என் அம்மா போய் எவ்வளவோ காலமாயிற்று, போன தையில் கோமதியும் போய்விட்டாள். துக்கத்துக்குப் போயிருந்தேன். அவள் மகன் என்னை யாரென்று கேட்டான். சொன்னேன். அம்மா உங்களைப் பற்றி ஒன்றுமே சொன்னதில்லையே என்றான்.