ஆளில்லாத ஊர் என்று நான் எழுதிய கொடிமரத்துறைக்கு மறுபடியும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே வலைப்பூவில் கொடிமரத்துறையைப் பற்றி எழுதியிருந்தேன். திருச்செந்தூர் போகும் வழியில் வாடகைக் காரை நிறுத்தி, இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு எழுதியது. "இது ஆளில்லாத ஊர். கதவைத் திறந்த பெண்கள் சொன்ன தலைக்கணக்கைக் கூட்டினால் ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடத் தேறாது" என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு வரியும் அதில் உண்டு. பலர் அந்த வரியைப் பாராட்டினார்கள். நானும் மகிழ்ந்துபோனேன்.

இந்த ஜனவரியில் அந்த ஊரிலிருந்து ஜெசிந்தா என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார். ஊரிலிருக்கும் துணை சுகாதார நிலையத்தைப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊருக்கு மாற்றப்போகிறார்கள். ஊரில் ஆள் போதாது என்பது காரணம். அதற்கு ஆதாரங்களில் ஒன்றாக என் கட்டுரையை அச்சடித்துக் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஊரார் மனு கொடுத்ததால், பிப்ரவரி இரண்டாம் வியாழக்கிழமை மறுபடி வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறார்கள். "நீங்களும் வாங்கக்கா. இந்தத் தடவ உக்காந்து பாத்துட்டு எழுதுங்க" என்று முடித்திருந்தார்.

படித்தவுடன் வெட்கம்தான் வந்தது. ஊர் சுற்றிப் பார்த்த ஒருத்தி எழுதியதை வைத்து ஒரு செவிலியரை இடம் மாற்றலாம் என்று நினைத்தவர் யார் என்று யோசிக்க யோசிக்க அது கோபமானது. இன்னும் அது முழுதாக இறங்கவில்லை. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வழி: மதுரை மாட்டுத்தாவணியில் காலை 4.50க்கு ஏறி, 7.55க்குத் தூத்துக்குடி. கட்டணம் 130 ரூபாய். மில்லர்புரத்தில் கல்லூரித் தோழி வீட்டில் குளித்துச் சாப்பிட்டு, 9.10க்குத் திருச்செந்தூர் பேருந்து. 26 கிலோமீட்டரில் கொடிமரத்துறை விலக்கு. அங்கிருந்து கிழக்கே ஐந்து கிலோமீட்டர். பேருந்து காலையும் மாலையும் ஒவ்வொரு முறைதான். மற்ற நேரம் ஆட்டோ, 150 ரூபாய். பேரம் பேசினால் 120. நான் பேசவில்லை.

ஆட்டோ ஓட்டுநர் முருகேசனுக்குச் சாத்தான்குளம் பக்கம். வாய் ஓயாத மனிதர்.

"கொடிமரத்துறைல என்னக்கா இருக்கு, பாக்குததுக்கு?"

"ஊரைத்தான் பார்க்கப் போறேன்."

"ஊரு கெடக்கு. ஆம்பளையப் பாக்கணும்னா ஆனியில வாங்க. இப்பம் அம்புட்டுப் பேரும் மாலத்தீவுக்கு வெங்காயம் கொண்டு போயிருக்கான். இங்கன இப்பம் மீசை வச்ச ஆளு யாருன்னா, நானும் அந்தக் கடைக்கார அண்ணாச்சியுந்தான்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "வைகாசி முடியட்டும், அம்புட்டுப் பேரும் வந்து எறங்குவான். பிறகு அண்ணாச்சி கடையில பீடி கெடைக்காது."

இரண்டு மணி நேரத்தில் நான் தெரிந்துகொள்ளாததை இவர் இரண்டு கிலோமீட்டரில் சொல்லிவிட்டார். அன்று நான் காரில் வந்திருந்தேன். ஆண்கள் எங்கே என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

விவரம் இதுதான். ஊரில் பாதிப் பேர் மீன்பிடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போவோம். இங்கே அப்படியில்லை. பெரும்பாலான ஆண்கள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து சரக்குத் தோணியில் போகிறவர்கள். காய்கறி, சிமெண்டு, செங்கல் என்று தீவுகளுக்குக் கொண்டு போவார்கள். ஆவணி கடைசியில் தோணி கிளம்பினால், நடுநடுவே சில நாள் வந்து போவதோடு சரி. வைகாசி முடிந்து தென்மேற்குக் காற்று வலுக்கும்போதுதான் தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டில் இருப்பார்கள். படித்த பையன்கள் பெரிய கப்பலில் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அரசாங்கக் கணக்கெடுப்பு எப்போது வருகிறது? வெயில் இல்லாத தை, மாசியில். இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. முருகேசனுக்கே தெரிந்திருக்கிறது.

ஆத்தூர் வரை வழியெல்லாம் வாழையும் வெற்றிலைக் கொடியுமாகத் தாமிரபரணியின் கடைசிப் பச்சை. விலக்கில் திரும்பியதும் அது நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் உப்பளம், பிறகு உடை மரம், பிறகு மணல். கடலுக்கு இணையாக ஒரு நீளத் தெரு, அதைக் குறுக்கே வெட்டும் மூன்று சந்துகள், நடுவில் மாதா கோயில். அதன் பின்னால் எட்டாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம். தெற்கு முனையில் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்திருக்கும் நான்கைந்து குடும்பங்கள். வடக்கு முனையில் இரண்டு அறையுள்ள மஞ்சள் கட்டிடம். அதுதான் துணை சுகாதார நிலையம்.

ஊர் எல்லையில் சுற்றுலாவுக்காக ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பாண்டியர் காலத்து முத்து, 1530களில் இந்தக் கரை முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது, போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாம் இருக்கிறது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கரையில் சிப்பிகளைக் குவியல் குவியலாகப் பிரித்து, ஒவ்வொன்றாக எண்ணி, அரசாங்கத்தின் பங்கை எடுத்த பிறகுதான் குளித்தவனுக்குக் கொடுப்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தோடு அந்தக் குளிப்பும் நின்றுபோயிற்று. பலகையில் சிப்பி இருக்கிறது, ராஜா இருக்கிறார், கப்பல் இருக்கிறது. மூச்சடக்கி இறங்கியவன் ஒருவனுடைய பெயரும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பலகையைப் படம் பிடித்து "சுருக்கமான, நல்ல வரலாறு" என்று எழுதியவளும் நான்தான்.

ஜெசிந்தாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அன்று கதவைத் திறந்தவர்களில் ஒருவர். என் வயதுதான் இருக்கும். கணவர் தோணியில், மகன் கப்பலில். வீட்டில் அவரும் ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் பிரின்சியும். குசினியில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். தேநீர் கொடுத்தார். அது திட்டை விட மோசமாக இருந்தது.

"அன்னைக்கு நான் வந்து கேட்டப்போ ரெண்டு பேர்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று நானே கேட்டுவிட்டேன். தற்காப்புதான்.

"நாந்தான் சொன்னேன்."

"ஏன்?"

ஜெசிந்தா எதிர்வீட்டைப் பார்த்தார். எதிர்வீட்டுப் பெண் லூர்து தன் வாசலில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். அவர்தான் சொன்னார். "கடல்ல கெடக்கவன எண்ணக்கூடாதுல்லா."

அந்த ஊரில் அது வழக்கம். ஆள் கரையேறும் வரை வீட்டுப் பெண்கள் அவனைச் சேர்த்து எண்ணிச் சொல்ல மாட்டார்கள். எண்ணினால் கடல் கணக்குக் கேட்கும் என்பார்கள். சோறு வைப்பார்கள், பெயரைச் சொல்லி மாதாவிடம் மன்றாடுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். எண்ணிக்கையில் மட்டும் சேர்க்க மாட்டார்கள். ஆகவே வீட்டில் எத்தனை பேர் என்று கேட்ட எனக்கும், எனக்குப் பின் வந்த அதிகாரிக்கும் ஊர் முழுக்கப் பெண்கள் ஒரே மாதிரி பதில் சொல்லியிருக்கிறார்கள்.

லூர்து ஒருமுறை சொன்னாராம். குடும்ப அட்டைக்காகத் தம்பியையும் சேர்த்து ஐந்து பேர் என்றார். தம்பி போன தோணி திரும்பவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கல்லூரியில் படித்த நான் சொல்லலாம். கடலில் ஆள் இல்லாத எவரும் சொல்லலாம்.

"இன்னைக்கு நான் சொல்லிப்புடுவேன்" என்றார் ஜெசிந்தா. "கோயில்ல எல்லார்ட்டயும் பேசியாச்சி. இவளுக்கு இன்னும் ரெண்டு மாசம். நர்ஸம்மா போயிட்டா பதினோரு கிலோமீட்டருக்கு யாரு இவளத் தூக்கிட்டு ஓடுவா?"

"சொல்லுதவ சொல்லு" என்றார் லூர்து. "எம்புருசன நான் சொல்ல மாட்டேன்."

கணக்கெடுப்பவர் 11.20க்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் அட்டையும் தாளும். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வீட்ல எத்தன பேரும்மா?"

ஜெசிந்தா வாயைத் திறந்தார். மூடினார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். "நாங்க..." என்றார்.

"ரெண்டா? ரெண்டுன்னே போட்டுக்கிடுதேன்" என்று அவர் பேனாவை எடுத்தார். போன முறையும் வந்தவர் இவர்தான். பதிலுக்காகக் காத்திருக்கக்கூட இல்லை.

"மாமி, நீங்க ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்று பிரின்சி எழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். திரும்பி வந்து, நான்கு எவர்சில்வர் தட்டுகளை வாசற்படியில் வரிசையாக வைத்தாள். தட்டு விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. "இந்த வீட்ல சாப்புடுத தட்டு, சார். நீங்களே எண்ணிக்கிடுங்க. பேரும் அதுலயே கெடக்கு."

"தட்டையெல்லாம் எழுத முடியாதும்மா."

"தட்ட எழுதச் சொல்லல. பேர வாசிங்க."

"ஆளு இங்க இல்லல்லா."

இந்த இடத்தில்தான் நான் குறுக்கே புகுந்தேன். அவர் அட்டையில் செருகியிருந்த வழிமுறைத் தாளை வாங்கிப் பார்த்தேன். தொழிலுக்காக வெளியே தங்கியிருப்பவர்களையும் அந்தக் குடும்பத்தினராகவே கொள்ள வேண்டும் என்று மூன்றாவது வரியில் இருந்தது. மூன்றாவது வரி. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இல்லை. குரலை உயர்த்தாமல் வாசிக்கத்தான் முயன்றேன். முடியவில்லை.

"நீங்க யாரு மேடம்?"

"உங்க ஃபைல்ல இருக்கிற கட்டுரையை எழுதினவ."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ஒவ்வொரு பெயராக வாசித்து எழுதினார். ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

எதிரே லூர்து கீரையை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது. பிற்பகல் ஒரு மணிக்குள் அந்த நீளத் தெருவில் வாசலுக்கு வாசல் தட்டுகள். வெயிலில் கண் கூசியது. "ஏளா, ஒன் சீர்வரிசைத் தட்டையும் சேத்து வச்சிறாத, பொய்க்கணக்காயிரும்" என்று ஒருத்தி இன்னொருத்தியைச் சீண்டினாள். "ஒங்க வீட்டுச் சட்டிய வைக்காம இரு, அது போதும்" என்றாள் அவள். கணக்கெடுப்பவர் எல்லா வாசலிலும் குனிந்தார். மொத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். அந்த ஊரின் தொகையை ஒருமுறை எழுதியதே போதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 10.45க்கு ஜெசிந்தாவும் நானும் அந்தக் கோப்பு இருக்கும் சுகாதாரத் துறை அலுவலகத்துக்குப் போனோம். என் கட்டுரை தவறு என்று எழுதி, கையெழுத்திட்டு, கோப்பில் சேர்க்கக் கொடுத்தேன். அதிகாரி மேலோட்டமாகப் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"மேடம், இன்டர்நெட்ல வர்றதையும் அது சம்பந்தமான கடிதத்தையும் ஆவணமா எடுத்துக்க முடியாது."

"இன்டர்நெட்ல எழுதினதை எடுத்திருக்கீங்களே."

"அது ஏற்கெனவே ஃபைல்ல இருக்கு."

நான் கத்தியிருப்பேன். ஜெசிந்தா என் முழங்கையைத் தொட்டார். "சார் சொன்னத அப்பிடியே எழுதித் தரச் சொல்லுங்கக்கா" என்றார் மெதுவாக. "இன்டர்நெட்ல வந்தது ஆவணம் இல்லன்னு."

எழுதித் தர ஒரு மணி நேரம் ஆயிற்று. முத்திரையோடு வாங்கி, கையோடு நகலும் எடுத்தோம். என் எழுத்துக்கு மதிப்பில்லை என்று ஓர் அரசு அலுவலகம் எழுத்தில் கொடுத்த தாள் அது. அதன்படி என் கட்டுரையும் கோப்பிலிருந்து விழுந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஆனி, ஆடியில் போனால் தோணிக்காரர்கள் கரையில் இருப்பார்கள். காற்றும் மணலும் கண்ணில் அடிக்கும், கண்ணாடி கொண்டுபோங்கள். தங்க இடம் கிடையாது, தூத்துக்குடிக்குத் திரும்பிவிடுங்கள். அண்ணாச்சி கடையில் மதியச் சாப்பாடு 80 ரூபாய், முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள், அவர்களுக்கே இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. விலக்கில் பகல் ஒன்றிலிருந்து நான்கு வரை ஆட்டோ நிற்காது. வீட்டில் எத்தனை பேர் என்று யாரையும் கேட்காதீர்கள். பழைய கட்டுரையை நீக்கவில்லை. இந்தப் பதிவின் இணைப்பை அதன் தலையில் போட்டிருக்கிறேன். நான் எழுதியது நானே பார்க்கும்படி இருக்கட்டும்.

இதை எழுதும் ஏப்ரல் கடைசி வாரம் வரை செவிலியர் அங்கேதான் இருக்கிறார். நிலையத்தை மாற்றவில்லை என்று மட்டும் யாரும் எழுத்தில் தரவில்லை. போன செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பிரின்சிக்கு வலி கண்டது. செவிலியர் தெருவைக் கடந்து ஓடி வந்து, இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்து, 108க்குச் சொல்லி, வண்டியில் கூடவே ஏறிப் போயிருக்கிறார். 4.25க்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். செவிலியர் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அழுத்தம் ஏறியது யாருக்கும் தெரிந்திருக்காது. வெறும் வலி என்று நினைத்து பிரின்சி விலக்கிலிருந்து ஆட்டோ வருவதற்காக நான்கு மணி வரை காத்துக்கொண்டிருந்திருப்பாள்.